தமிழ்நாட்டில் ஊட்டச்சத்தியல் ஆய்வுக் கல்வி

தமிழ்நாட்டில் ஊட்டச்சத்தியல் ஆய்வுக் கல்வி என்பது, தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் ஆய்வு நிறுவனங்களிலும் முதுநிலை, முனைவர் பட்டங்களுக்காக மாணவர்கள் உணவு, ஊட்டச்சத்து, உடல்நலம் ஆகியவை குறித்து மேற்கொள்ளும் ஆராய்ச்சியைக் குறிக்கும். மனையியல், உயிர்வேதியியல், வேளாண்மை, பொதுச் சுகாதாரம், மருத்துவம் ஆகிய துறைகள் சந்திக்கும் இடத்தில் இத்துறை அமைந்துள்ளது. இந்திய ஊட்டச்சத்து ஆராய்ச்சியின் தொடக்க நிலையம் நீலகிரி மாவட்டத்தின் குன்னூரில் இருந்தது. இத்துறையின் முன்னோடிகளுள் இருவரான இராஜம்மாள் தேவதாஸ், சி. கோபாலன் ஆகியோர் முறையே செங்கத்திலும் சேலத்திலும் பிறந்தவர்கள்.

துறையின் எல்லை

மாணவர் ஆய்வுகளைப் பொதுவாக நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

1. சமுதாய ஊட்டச்சத்து: ஓர் ஊரிலோ ஒரு குழுவிலோ மக்கள் என்ன உண்கின்றனர், அவர்களுடைய உடல்நிலை எவ்வாறு உள்ளது என்பதை அளத்தல்.
2. உணவு அறிவியல்: தானியம், பயறு, கீரை முதலியவற்றின் சத்துகளைப் பகுப்பாய்வு செய்தல், புதிய உணவுக் கலவைகளை உருவாக்குதல்.
3. மருத்துவ ஊட்டச்சத்து: நீரிழிவு, சிறுநீரக நோய், இதய நோய் ஆகியவற்றில் உணவு மாற்றத்தின் பயனைச் சோதித்தல்.
4. உயிர்வேதியியல் ஆய்வு: சத்துகள் உடலில் உறிஞ்சப்படும் முறை, அவற்றின் குறைபாட்டால் உடலில் நிகழும் மாற்றங்கள் ஆகியவற்றை ஆய்வுக்கூடத்தில் ஆராய்தல்.

வரலாறு

குன்னூர் ஆய்வுக்கூடம்

1918ஆம் ஆண்டில் குன்னூர் பாசுச்சர் நிறுவனத்தின் ஓர் அறையில், 'பெரிபெரி' நோயை ஆராய்வதற்காக இராபர்ட் மெக்காரிசன் ஓர் ஆய்வுப் பிரிவைத் தொடங்கினார். பெரிபெரி என்பது உயிர்ச்சத்து பி1 (தயமின்) குறைவால் நரம்புகளையும் இதயத்தையும் தாக்கும் நோயாகும். அரிசியைத் தீட்டும்போது தவிட்டுடன் இச்சத்து பெருமளவு நீங்கிவிடுகிறது. நெல்லை முதலில் ஊறவைத்து அவித்தால் இச்சத்தின் ஒரு பகுதி அரிசியின் உட்பகுதிக்குள் இறங்கித் தங்கிவிடும். எனவே தீட்டிய பச்சரிசி உண்ட பகுதிகளைவிடப் புழுங்கலரிசி உண்ட பகுதிகளில் இந்நோய் குறைவாக இருந்தது. வீட்டில் நெல் அவிக்கும் வழக்கம் ஒரு நோயைத் தடுத்துள்ளது என்பதை ஆய்வுக்கூடம் விளக்கியதற்கு இது நல்ல எடுத்துக்காட்டாகும்.

இப்பிரிவு பின்னர் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடமாக வளர்ந்தது. மெக்காரிசனுக்குப் பின் 1935 முதல் 1945 வரை டபிள்யூ. ஆர். அய்க்ராய்டு இதன் இயக்குநராக இருந்தார். அவர் காலத்தில் இந்திய உணவுகளின் சத்துமதிப்பைக் காட்டும் அட்டவணை வெளியிடப்பட்டது. 1958இல் இக்கூடம் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டது. 1969இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் எனப் பெயர் பெற்றது.

இராஜம்மாள் தேவதாஸ்

இராஜம்மாள் பாக்கியநாதன் தேவதாஸ் (ஏப்ரல் 7, 1919 – மார்ச் 17, 2002) திருவண்ணாமலைக்கு மேற்கே உள்ள செங்கத்தில் பிறந்தார். சென்னை இராணி மேரி கல்லூரியில் மனையியல் பயின்றார். பின்னர் ஐக்கிய அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் பட்டங்களும் முனைவர் பட்டமும் பெற்றார். மனையியல் என்பது சமையலும் தையலும் மட்டுமே என்று பலர் கருதிய காலத்தில், அதனை உயிர்வேதியியலையும் களஆய்வையும் அடித்தளமாகக் கொண்ட அறிவியலாக நிலைநாட்ட அவர் உழைத்தார்.

1957இல் கோயம்புத்தூரில் தி. சு. அவினாசிலிங்கம் தொடங்கிய மனையியல் கல்லூரியின் வளர்ச்சியில் இவருக்குப் பெரும் பங்கு உண்டு. அக்கல்லூரி 1988இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. இராஜம்மாள் அதன் துணைவேந்தராகவும் பின்னர் வேந்தராகவும் பணியாற்றினார். அங்கு உருவாக்கப்பட்ட 'குழந்தை அமுது' என்னும் இணை உணவு, வறுத்த தானியம், பயறு, நிலக்கடலை, வெல்லம் ஆகிய எளிதில் கிடைக்கும் பொருள்களால் ஆனது. கடையில் விற்கும் விலையுயர்ந்த மாவுக்கு மாற்றாக, தாய்மார் வீட்டிலேயே செய்யக்கூடியது என்பது இதன் சிறப்பு. 1992இல் இந்திய அரசு இராஜம்மாளுக்குப் பத்மசிறீ விருது வழங்கியது.

சி. கோபாலன்

சேலத்தில் பிறந்த சி. கோபாலன் (1918–2019) சென்னையில் மருத்துவம் பயின்று, இலண்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 1961 முதல் 1974 வரை ஐதராபாத் நிறுவனத்தின் இயக்குநராகவும், பின்னர் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநராகவும் பணியாற்றினார். குழந்தைகளின் புரத–ஆற்றல் குறைபாடு குறித்த இவரது ஆய்வுகள் புகழ்பெற்றவை. இவர் பிறருடன் இணைந்து 1971இல் வெளியிட்ட இந்திய உணவுகளின் சத்துமதிப்பு நூல், பல பத்தாண்டுகளாக மாணவர் ஆய்வேடுகளின் அடிப்படைக் கருவியாக விளங்கியது.

அரசுத் திட்டங்களும் ஆய்வும்

தமிழ்நாட்டில் இத்துறை வளர்ந்ததற்கு அரசின் உணவுத் திட்டங்கள் முக்கியக் காரணம் எனலாம். காமராசர் ஆட்சியில் 1956இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டம், 1980இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், 1982இல் ம. கோ. இராமச்சந்திரன் தொடங்கிய சத்துணவுத் திட்டம், 2022இல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஆகியவை மாணவர்களுக்கு ஆய்வுக் களங்களாக அமைந்தன. இவற்றுள் 1980ஆம் ஆண்டுத் திட்டம் தனித்தன்மை உடையது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை மாதந்தோறும் எடை பார்த்து, வளர்ச்சி தடைப்பட்ட குழந்தைகளுக்கு மட்டும் கூடுதல் உணவு வழங்குவது அதன் முறையாகும். எல்லோருக்கும் உணவா, தேவைப்படுவோருக்கு மட்டும் உணவா என்னும் விவாதத்தை அது உருவாக்கியது.

கல்வி நிறுவனங்கள்

கோயம்புத்தூர் அவினாசிலிங்கம் நிறுவனம், சென்னையின் இராணி மேரி கல்லூரி, மகளிர் கிறித்துவக் கல்லூரி, காந்திகிராம கிராமிய நிறுவனம், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மதுரை மனையியல் கல்லூரி (பின்னர் சமுதாய அறிவியல் கல்லூரி) ஆகியவை இத்துறையில் நெடுநாள் மரபு கொண்டவை. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி, குழந்தைகளைப் பிறப்பிலிருந்து தொடர்ந்து கவனிக்கும் பன்னாட்டு ஆய்வொன்றில் இந்தியக் களமாகப் பங்கேற்றது.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி முனைவர் பட்ட ஆய்வுக்குக் குறைந்தது மூன்று ஆண்டுகள் தேவை. அதே விதிகளால் ஆய்வியல் நிறைஞர் (எம்.பில்) பட்டம் நிறுத்தப்பட்டது. அதுவரை பல மாணவர்களுக்கு, குறிப்பாகக் கல்லூரி ஆசிரியைகளுக்கு, ஆய்வு உலகின் முதற்படியாக எம்.பில் இருந்தது குறிப்பிடத்தக்கது.

ஆய்வு நடைபெறும் முறை

ஒரு சமுதாய ஊட்டச்சத்து ஆய்வு எவ்வாறு அமைகிறது என்பதை ஒரு கற்பனை எடுத்துக்காட்டால் விளக்கலாம். திருவண்ணாமலை கிரிவலப் பாதையில், மலையின் மேற்குப் புறத்தில் உள்ள அடி அண்ணாமலையிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் வளர்ச்சியை அறிய ஒரு மாணவி விரும்புகிறார் என்று கொள்வோம்.

மாதிரி அளவு

எத்தனை குழந்தைகளை அளக்க வேண்டும் என்பதே முதற் கேள்வி. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் 25 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். இதனை எதிர்பார்க்கும் விகிதமாகக் கொண்டு, 5 விழுக்காட்டுப் புள்ளிகள் வரை பிழையையும் 95 விழுக்காட்டு நம்பக அளவையும் ஏற்றால், கணக்கு பின்வருமாறு அமையும்: 1.96இன் வர்க்கத்தை (3.84) 0.25ஆலும் 0.75ஆலும் பெருக்கி, 0.05இன் வர்க்கத்தால் (0.0025) வகுக்க வேண்டும். விடை ஏறத்தாழ 289. பத்தில் ஒருவர் பங்கேற்கமாட்டார் எனக் கொண்டால் 322 குழந்தைகளை அணுக வேண்டும். குழந்தைகளைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்காமல் அங்கன்வாடி வாரியாகத் தொகுதிகளாகத் தேர்ந்தெடுத்தால் இவ்வெண் மேலும் பெருகும். ஏனெனில் ஒரே தெருவின் குழந்தைகள் ஒருவரையொருவர் ஒத்திருப்பர். கூடுதலாக ஒருவரை அளப்பதால் கிடைக்கும் புதிய செய்தி குறைவு.

உணவை அளத்தல்

24 மணிநேர நினைவுகூரல் என்னும் முறையில், முந்தைய நாள் காலை முதல் இரவு வரை உண்டவை யாவும் கேட்டறியப்படும். கரண்டி, டம்ளர், கிண்ணம் ஆகியவற்றின் கொள்ளளவு முன்னரே அளந்து வைக்கப்படும். தாயின் சொல்லிலிருந்து கிராமுக்கும், கிராமிலிருந்து சத்துமதிப்புக்கும் செல்வதே இம்முறையின் சாரம்.

இங்குக் களத்தை அறிந்திருத்தல் இன்றியமையாதது. முழுநிலவு நாள்களில் பெருந்திரளான மக்கள் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையைச் சுற்றி வருகின்றனர். வழியெங்கும் அன்னதானம் நடைபெறும். அதற்கு மறுநாள் கணக்கெடுத்தால், பாதையோர வீடுகளின் வழக்கமான உணவு பதிவாகாமல் போகலாம். ஆகவே கணக்கெடுக்கும் நாள்களை மாதம் முழுவதும் பரப்பிக்கொள்வதும், ஒரே வீட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட நாள்கள் கேட்பதும் நல்ல வழிமுறையாகும்.

உடலை அளத்தல்

எடை, உயரம், மேற்கைச் சுற்றளவு ஆகியவை அளக்கப்படும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் படுக்கவைத்தும், மூத்தோரை நிற்கவைத்தும் உயரம் பார்ப்பர். அளவீடுகள் உலக சுகாதார அமைப்பின் 2006ஆம் ஆண்டு வளர்ச்சித் தரங்களுடன் ஒப்பிடப்படும். நடுமதிப்பிலிருந்து இரண்டு திட்ட விலக்கத்துக்குக் கீழே இருந்தால் குறைபாடு எனக் கொள்ளப்படும். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையின் மேற்கைச் சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் குறைவாக இருந்தால் அது கடுமையான ஊட்டக்குறைவின் அடையாளம்.

2006க்கு முந்தைய ஆய்வேடுகள் வேறு வகைப்பாடுகளைப் பயன்படுத்தின. எனவே அவற்றின் விழுக்காடுகளைப் புதிய விழுக்காடுகளுடன் நேரடியாக ஒப்பிடுதல் பிழையாகும்.

குருதியை அளத்தல்

இரத்தசோகையை அறியக் குருதியில் ஈமோகுளோபின் அளக்கப்படுகிறது. 2019–21 ஆய்வில் தமிழ்நாட்டில் 6 முதல் 59 மாதக் குழந்தைகளுள் 57.4 விழுக்காட்டினரும், 15 முதல் 49 வயதுப் பெண்களுள் 53.4 விழுக்காட்டினரும் இரத்தசோகை உடையவர்களாகக் கண்டறியப்பட்டனர். இவ்வாய்வில் விரல்நுனியில் குத்திக் குருதி எடுக்கப்பட்டது. 2016–18இல் நடந்த தேசிய விரிவான ஊட்டச்சத்து ஆய்வில் நாளத்திலிருந்து குருதி எடுக்கப்பட்டது; அதில் இந்திய அளவில் 1 முதல் 4 வயதினரிடம் இரத்தசோகை 40.5 விழுக்காடு. ஆனால் 2019–21 ஆய்வில் 6 முதல் 59 மாதத்தினரிடம் இந்திய அளவு 67.1 விழுக்காடு. வயது வரம்பு வேறுபடுவது இவ்விடைவெளிக்கு ஒரு காரணம். குருதி எடுத்த முறை மற்றொரு காரணமாகச் சுட்டப்படுகிறது. மேலும் உலக சுகாதார அமைப்பு 2024இல் 6 முதல் 23 மாதக் குழந்தைகளுக்கான வரம்பை டெசிலிட்டருக்கு 11.0 கிராமிலிருந்து 10.5 கிராமாகக் குறைத்தது. ஆகவே ஓர் ஆய்வேட்டின் விழுக்காட்டைப் படிக்கும் முன் முறையையும் வரம்பையும் படித்தல் வேண்டும்.

சிறுதானியமும் சத்து அட்டவணையும்

திருவண்ணாமலை மாவட்டத்தில் சவ்வாது மலையின் சாமை பெயர்பெற்றது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் திருவண்ணாமலையை அடுத்த அத்தியந்தலில் அமைந்துள்ளது. அவ்வூர்ப் பெயரைத் தாங்கிய சிறுதானிய இரகங்களும் வெளியிடப்பட்டுள்ளன. இதனால் சாமை, தினை, கேழ்வரகு ஆகியவற்றைக் கொண்டு செய்த இட்லி, அடை, மாவுருண்டை, சத்துமாவு போன்றவற்றை ஆராயும் மாணவர்களுக்கு இப்பகுதி இயல்பான களமாகும்.

இத்தகைய ஆய்வுகளில் எச்சரிக்கை தேவைப்படும் இடம் சத்து அட்டவணை. பழைய சத்துமதிப்பு நூலில் 100 கிராம் சாமையில் இரும்புச்சத்து 9.3 மில்லிகிராம் எனக் குறிக்கப்பட்டிருந்தது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் 528 உணவுகளை நாடு முழுவதிலுமிருந்து திரட்டிப் பகுப்பாய்வு செய்து வெளியிட்ட அட்டவணையில் அது ஏறத்தாழ 1.3 மில்லிகிராம். மாதிரியில் கலந்த மண்தூசி, பகுப்பாய்வு முறை, தீட்டும் அளவு, இரகம் ஆகியவை இத்தகைய வேறுபாடுகளுக்குக் காரணமாகலாம். பழைய எண்ணை நம்பிச் சாமையால் இரத்தசோகை நீங்கும் என ஓர் ஆய்வேடு முடிவு செய்தால், அதனை நம்பி நடக்கும் கருவுற்ற பெண் ஏமாற்றமடைவார். இதற்கு மாறாக, கேழ்வரகின் சுண்ணாம்புச்சத்து பழைய நூலில் 344 மில்லிகிராம், புதிய அட்டவணையில் 364 மில்லிகிராம். அதன் பெருமை இரு அட்டவணைகளிலும் நிலைத்து நிற்கிறது.

உணவில் உள்ள சத்து முழுவதும் உடலில் சேர்வதில்லை என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. தானியங்களில் உள்ள பைட்டிக் அமிலமும், உணவுடன் அருந்தும் தேநீரும் இரும்புச்சத்து உறிஞ்சப்படுவதைக் குறைக்கின்றன. எலுமிச்சை, நெல்லிக்காய் போன்றவற்றின் உயிர்ச்சத்து சி அதனைக் கூட்டுகிறது. முளைகட்டுதலும் புளிக்கவைத்தலும் பைட்டிக் அமிலத்தைக் குறைக்கின்றன.

நெறிமுறைகள்

மனிதர்களிடம் செய்யப்படும் ஆய்வுக்கு நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் முன்கூட்டியே பெறப்பட வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள் இதற்கு அடிப்படை. பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் விளக்கி, எழுத்து மூலம் இசைவு பெற வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவராயின் சார்பற்ற சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும். உணவையோ மருந்தையோ கொடுத்துச் சோதிக்கும் ஆய்வுகள், முதற் பங்கேற்பாளரைச் சேர்க்கும் முன்பே இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிவு செய்யப்பட வேண்டும்.

அளப்பவருக்கு ஒரு கடமையும் உண்டு. மேற்கூறிய எடுத்துக்காட்டில், மாணவியின் நாடாவில் ஒரு குழந்தையின் கைச்சுற்றளவு 11 செ.மீ. எனக் காட்டினால், அது ஆய்வேட்டின் ஓர் எண் மட்டுமன்று. அக்குழந்தையை அன்றே அங்கன்வாடிப் பணியாளருக்கும் கிராம செவிலியருக்கும் தெரிவித்து, தேவையெனில் அரசு மருத்துவமனைக்கு அனுப்புவதற்கான ஏற்பாடு ஆய்வுத் திட்டத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். அவ்வாறு எழுதப்படாத திட்டத்தைத் திருத்தக் கோருவது நெறிமுறைக் குழுவின் கடமையாகும்.

குறைபாடுகளும் திறனாய்வும்

மாணவர் ஆய்வுகள் மீது பின்வரும் குறைகள் பொதுவாகச் சுட்டப்படுகின்றன.

- சிறிய மாதிரி: காலமும் பணமும் குறைவாதலால், அருகிலுள்ள பள்ளி அல்லது விடுதியில் கிடைப்பவர்களை மட்டும் அளந்து, முடிவை மாவட்டம் முழுமைக்கும் பொருத்துதல்.
- ஒருமுறை அளவீடு: ஒரே நாளில் உணவையும் நோயையும் அளந்துவிட்டு, முன்னது பின்னதற்குக் காரணம் எனக் கூறுதல். தொடர்பு வேறு, காரணம் வேறு.
- ஒப்பீட்டுக் குழு இன்மை: சத்துமாவு கொடுத்த 90 நாள்களில் குழந்தைகளின் எடை கூடியது எனக் காட்டுதல். மாவு கொடுக்காவிட்டாலும் குழந்தைகள் 90 நாள்களில் வளர்வர். ஆகவே மாவு பெறாத ஒரு குழுவும் தேவை.
- எதிர்மறை முடிவுகள் மறைதல்: பயன் இல்லை என்னும் முடிவும் அறிவே, எனினும் அது அரிதாகவே வெளிவருகிறது.
- மொழி: ஆய்வேடுகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றன. கேள்விகள் தமிழில் கேட்கப்பட்டாலும் விடைகள் கேட்கப்பட்டவர்களிடம் திரும்புவதில்லை.

கடைசியாகச் சுட்டிய குறைக்குச் செலவில்லாத தீர்வுகள் உண்டு. ஆய்வின் முடிவை ஒரு பக்கத் தமிழ்ச் சுருக்கமாக அங்கன்வாடியில் ஒட்டுதல், கிராம சபையில் பத்து நிமிடம் விளக்குதல் ஆகியவை அவற்றுள் சில. ஆய்வேடுகளை இணையத்தில் சேமிக்கும் 'சோத்கங்கா' களஞ்சியத்தின் வழியாக, முன்னர் நூலகத்துக்கு நேரில் சென்றால் மட்டுமே காணக்கூடியதாயிருந்த இந்தியப் பல்கலைக்கழக முனைவர் ஆய்வேடுகள் பலவற்றை எவரும் கட்டணமின்றிப் படிக்கலாம். புதிதாகத் தலைப்புத் தேடும் மாணவர்கள், தம் ஊரில் முன்பே நடந்த ஆய்வு உண்டா என்பதை இதில் தேடிப் பார்த்துத் தொடங்குவது நன்று. ஒரே ஊரில் இருபது ஆண்டு இடைவெளியில் ஒரே முறையில் செய்யப்பட்ட இரு ஆய்வுகள், வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு முறையில் செய்யப்பட்ட பல ஆய்வுகளைவிடக் கூடுதலாக உண்மையைக் கூறவல்லவை.

இவற்றையும் பார்க்க

- இராஜம்மாள் தேவதாஸ்
- சி. கோபாலன்
- சத்துணவுத் திட்டம்
- இரத்தசோகை
- சிறுதானியம்
- திருவண்ணாமலை மாவட்டம்